கையடக்க கேம் கன்சோல்: ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வாங்கலாமா, வால்வின் ஸ்டீம் டெக்கா, அசுஸின் ஆர்ஓஜி அல்லையா என்று பேச்சு ஆரம்பித்தால் முதலில் வருவது கிராஃபிக்ஸ் சண்டைதான். யூடியூபில் பார்த்து வாய் பிளந்த ஸ்விட்ச் 2 காட்சி பெரும்பாலும் டாக் என்ற தாங்கியில் செருகி டிவியில் ஓட்டியதாக இருக்கும். அதில் படத்தின் நுணுக்கம் 4கே வரை போகும். கையில் எடுத்தால் 1080பி, அதாவது 1080 வரிகள். ஸ்டீம் டெக்கின் திரையில் 800 வரிகள்தான், அல்லையில் 1080. ஆனால் கனமான கேம் ஓட்டும்போது அல்லைக்காரர்களும் வேகத்துக்காக 720பிக்கு இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் எதற்கு இந்தச் சண்டை?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து, இருட்டுக் குகைக் காட்சி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். திரையில் தெரிவது உங்கள் முகமும், பக்கத்தில் நிற்பவரின் சட்டைப் பொத்தானும்தான். திரையின் வெளிச்சம் எவ்வளவு, கனமான கேமுக்கு சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் அங்கே கேள்வி.

பணத்தை அதிகம் விழுங்குவது அடுத்த தவறு: கன்சோல் விலையை மட்டும் பார்த்து, கேம் விலையை மறப்பது. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இறக்குமதிக்காரர் சொன்னதுதான் விலை, வாரண்டியும் அவர் வாய்ச்சொல்தான். அமெரிக்காவில் 80 டாலருக்கு வந்த மரியோ கார்ட் வேர்ல்ட் கேம், நம் பணத்தில் 6,500 ரூபாயைத் தாண்டுகிறது. ஸ்டீம் டெக்குக்கு கேம் வாங்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாயிலேயே விலை உண்டு. கோடைக்கால, குளிர்காலத் தள்ளுபடியில் பழைய கேம்கள் பாதிக்கும் கீழே கிடைக்கும். ஸ்டீம் டெக்கும் இங்கே நேரடி விற்பனையில் இல்லை என்பதை மறக்க வேண்டாம். அல்லையை அசுஸே இந்தியாவில் விற்கிறது. ஸ்டீம் கேம்கள் அதிலும் ஓடும்.

அதற்காக ஸ்டீம்தான் மலிவு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஸ்டீமில் வாங்கியதை மறுபடி விற்க முடியாது. நின்டெண்டோ கேம் வரும் சின்ன அட்டையான கார்ட்ரிட்ஜை, ஆடி முடித்துவிட்டு கைமாற்றலாம். நின்டெண்டோவின் சொந்த கேம்களுக்கு விலை லேசில் இறங்காததால், பழசுக்கும் நல்ல காசு வரும். ஸ்விட்ச் 2-இல் 'கேம் கீ கார்ட்' என்று போட்டிருந்தால் மட்டும் உஷார். உள்ளே கேம் இருக்காது, சாவிதான். முழுவதையும் நெட்டில் இறக்க வேண்டும்.

விற்பனைக் கணக்கை வைத்து எது சிறந்தது என்று தீர்ப்பு சொல்வதும் வேண்டாம். பழைய கையடக்க கன்சோல்களில், சோனியின் பிஎஸ்பி கிராஃபிக்ஸில் நின்டெண்டோ டிஎஸ்ஸைவிட ரொம்ப முன்னால் இருந்தது. விற்றதோ டிஎஸ்தான், 15.4 கோடி. ஓஎல்இடி திரையோடு வந்த சோனியின் பிஎஸ் வீட்டாவும் நின்டெண்டோவின் 3டிஎஸ்ஸிடம் தோற்றது. 2017-இல் வந்த ஸ்விட்சின் 15 கோடிச் சொச்சத்தையும், 2025 ஜூனில் வந்து நான்கே நாளில் 35 லட்சம் விற்ற ஸ்விட்ச் 2-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது. வால்வ் ஸ்டீம் டெக்கின் எண்ணிக்கையை வெளியிடுவதே இல்லை.

உலகக் கணக்கைவிட, புதுச்சேரி லாஸ்பேட்டையிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ உங்களோடு கார்ட்ரிட்ஜ் மாற்றிக்கொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.