'ஏதாவது புதுசா பண்ணுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள்

"இந்த வருஷம் ஏதாவது புதுசா பண்ணணும்" என்று எம்.டி. அறிவிப்பார். மறுவாரம் கேன்டீன் பக்கத்தில் யோசனைப் பெட்டி முளைத்துவிடும். எந்தச் சிக்கலைத் தீர்க்க என்று சொல்லாமல் யோசனை கேட்டால், "டீ டைமைக் கூட்டுங்க", "ஃபேனை மாத்துங்க" என்றுதான் சீட்டு விழும். (ஃபேன் விஷயம் நியாயம்தான், அது வேறு.)

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் நோக்கம் ஒரே வரியில் அடங்கும்: தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு, ஏழைகளுக்கு எட்டாத விலை. நோக்கம் அது என்றால் லென்ஸ் விலையும் நம் பிரச்சினைதானே? 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்புப் பிரிவைத் தொடங்கி, லென்ஸைத் தாங்களே குறைந்த விலையில் தயாரித்தார்கள்.

அடுத்த தவறு, யோசனைகளைத் தலை எண்ணுவது. "ஆளுக்கு மாசம் 2" என்று இலக்கு வைத்தால், மாதக் கடைசியில் பக்கத்து சீட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். எண்ண வேண்டியது, என்ன மாறியது என்பதை. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் 100 பீஸுக்கு 8 ஆல்டரேஷனுக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். "தரத்தை உயர்த்துவோம்" என்பது பேனர். "தீபாவளிக்குள் 8-ஐ 4 ஆக்குவோம்" என்பதுதான் இலக்கு. ஆனால் பல இடங்களில் அந்த 8 யாருக்கும் தெரியாது. முதலில் இரண்டு வாரம் எண்ணிப் பாருங்கள்.

அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பினாலும் ஆபத்து. செக்கிங்கில் இருப்பவர் கண்டும் காணாமல் விட்டாலே 8 நான்காகிவிடும். பீஸ் பையரிடமிருந்து (ஆர்டர் கொடுத்து வாங்குபவரிடமிருந்து) திரும்பி வரும்போதுதான் குட்டு உடையும். அதனால் பையர் புகாரையும் சேர்த்தே எண்ணுங்கள். அரவிந்திலும் அறுவைகளின் எண்ணிக்கையோடு, அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களையும் கணக்கெடுக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மூன்று மாதக் கெடு வைப்பதும் தவறு. 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் லேசாக ஒட்டும் பசையைக் கண்டது 1968-ல். அந்தப் பசை தடவிய, ஒட்டிப் பிரிக்கக்கூடிய குறிப்புச் சீட்டான போஸ்ட்-இட் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-ல். இப்படிப்பட்ட வேலைக்கு விற்பனை இலக்கு பொருந்தாது. ஒரு கேள்வியும் அதற்கான சோதனையும் போதும். முதல் சந்தைச் சோதனை ஊற்றிக்கொண்ட பிறகு, 1978-ல் அமெரிக்காவின் பாய்சி நகரத்து அலுவலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்து, யாரெல்லாம் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று 3எம் கேட்டது. பத்தில் ஒன்பது பேர் வாங்குவோம் என்றார்கள்.