ஒரு கோரிக்கையின் முழுப் பாதை: பேக்எண்டிலிருந்து கிளவுட் வரை ஃபுல் ஸ்டாக் கற்கும் முறை

உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் அந்தக் கோரிக்கை எங்கே செல்கிறது, எந்த நிரலைத் தொடுகிறது, தரவுத்தளத்தில் எதை மாற்றுகிறது, என்ன பதிலுடன் திரும்புகிறது என்பதை இடையில் எங்கும் தடுமாறாமல் விளக்கத் தெரிந்தவரையே ஃபுல் ஸ்டாக் நிரலாளர் என்று சொல்லலாம். அவருக்கு எத்தனை ஃபிரேம்வொர்க்குகள் (ஆயத்த நிரல் கட்டமைப்புகள்) தெரியும் என்பது இரண்டாம் பட்சம். ஆகவே பேக்எண்ட் (சர்வர் பக்க நிரலும் தரவுத்தளமும்), ஃபிரண்ட்எண்ட் (உலாவியில் பயனர் காணும் பக்கம்), கிளவுட் (இணையம்வழி வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள்) ஆகியவற்றைத் தனித்தனியாகப் படித்து முடித்துவிட்டுப் பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், சிறிய செயலி ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே மூன்று அடுக்குகளின் வழியாகவும் கொண்டுசெல்வது நல்லது. இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் செயலி, நூலகம் ஒன்றின் இரவல் பதிவேடு. உறுப்பினர் நூலை எடுக்கிறார், திருப்பித் தருகிறார், அவ்வளவுதான். எளிதாகத் தோன்றும் இந்தச் செயலிக்குள் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

பேக்எண்டில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம். தரவின் வடிவம் பிழையாக அமைந்துவிட்டாலோ அதன்மேல் கட்டிய அனைத்தையும் திருத்த வேண்டியிருக்கும்.

எச்டிடிபியும் மொழித் தேர்வும்

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையே எச்டிடிபி. நிரல் எழுதுவதற்கு முன், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், கோரிக்கை அனுப்ப உதவும் கர்ல் கட்டளையை விரிவான வெளியீட்டுடன் இயக்கி, ஏதேனும் ஒரு தளத்திற்குக் கோரிக்கை அனுப்பிப் பார்க்க வேண்டும். கெட், போஸ்ட் போன்ற வினைமுறை, முகவரி, ஹெட்டர்கள் எனும் கூடுதல் குறிப்புகள், தேவையெனில் உள்ளடக்கம் என்று கோரிக்கையின் உறுப்புகள் அப்படியே கண்முன் வரும். பதிலில் வரும் நிலைக்குறியீட்டை இப்போதே பழகிக்கொள்ள வேண்டும். 200 வரிசை வெற்றியையும், 300 வரிசை வேறிடம் செல்லுமாறு கூறுவதையும், 400 வரிசை கேட்டவர் பக்கத்துப் பிழையையும், 500 வரிசை சர்வர் பக்கத்துப் பிழையையும் குறிக்கும். இவற்றில் 401 என்பது கேட்பவர் யாரென்று தெரியவில்லை என்பதற்கும், 403 என்பது யாரென்று தெரிந்தும் அனுமதி இல்லை என்பதற்கும் உரியவை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்ட ஏபிஐகள் (பிற நிரல்கள் அழைக்கும் இடைமுகங்கள்) ஏராளம்.

மொழித் தேர்வில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. பைத்தானும் அதன் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவும், ஜாவாவும் அதன் ஸ்பிரிங்கும், ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் இயக்க 2009 முதல் இருந்துவரும் நோட் ஜேஎஸ் என எதை எடுத்தாலும் அடிப்படைகள் ஒன்றே. எழுதிய நிரலைப் படித்துத் திருத்தக்கூடியவர் அருகில் இருந்தால் அவருக்குத் தெரிந்த மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். அப்படி யாரும் இல்லையென்றால், ஃபிரண்ட்எண்டில் எப்படியும் ஜாவாஸ்கிரிப்ட் வந்தே தீரும் என்பதால், இரு பக்கத்திற்கும் அதையே வைத்துக்கொள்வது சுமையைக் குறைக்கும். முதல் நாளிலிருந்தே, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தரவுத்தளம்: அவசரப்படக் கூடாத இடம்

எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறைத் தரவு மாதிரிதான் எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியைப் பயன்படுத்தும் இன்றைய தரவுத்தளங்களின் அடித்தளம். அவற்றில் ஒன்றான போஸ்ட்கிரஸ் கற்பதற்கும் பணிக்கும் ஒருங்கே ஏற்றது. நிரல்மொழியின் பொருள்களை அட்டவணைகளாக மாற்றித்தரும் ஓஆர்எம் நூலகங்களைப் பின்னர் பயன்படுத்தலாம். அதற்குமுன் செலெக்ட், ஜாயின், குரூப் பை ஆகிய எஸ்கியூஎல் சொற்களைக் கொண்ட வினவல்களைக் கையால் எழுதிப் பழகியிருக்க வேண்டும். இல்லையெனில், நூறு நூல்களின் பட்டியலுக்கு ஒரு வினவலும், ஒவ்வொரு நூலின் ஆசிரியருக்கும் தனித்தனியே நூறு வினவல்களும் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் படாமலேயே போய்விடும்.

இரவல் பதிவேட்டை வடிவமைக்கும்போது பலரும் நூல் அட்டவணையிலேயே பிரதிகளின் எண்ணிக்கை என்றொரு நெடுவரிசையை வைத்து, எடுக்கும்போது ஒன்றைக் குறைத்து, திருப்பும்போது ஒன்றைக் கூட்டுவார்கள். எந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி எழுந்தவுடன் இந்த வடிவம் விடையளிக்க முடியாமல் நின்றுவிடும். நூல், பிரதி, உறுப்பினர், இரவல் என நான்கு அட்டவணைகள் வேண்டும். இரவல் அட்டவணையில் பிரதி எண், உறுப்பினர் எண், எடுத்த நேரம், திருப்பிய நேரம் ஆகியவை இருக்கும். திருப்பிய நேரம் நல் எனப்படும் வெறுமையாக இருந்தால் அந்தப் பிரதி இன்னும் வெளியே இருக்கிறது என்று பொருள். நேரங்களை உலகப் பொதுநேரமான யுடிசியில் சேமித்துவிட்டு, காட்டும்போது மட்டும் பயனரின் நேரத்திற்கு மாற்றுவதே முறை.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். ஒரே பிரதிதான் மீதம் இருக்கிறது. இரண்டு உறுப்பினர்கள் ஒரே நொடியில் அதைக் கேட்கிறார்கள். சர்வரில் உள்ள நிரல், அந்தப் பிரதி ஏற்கெனவே வெளியே சென்றிருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் இரவலைப் பதிவு செய்கிறது. இரண்டு கோரிக்கைகளும் பதிவுக்கு முன்பே பார்த்துவிட்டால் இரண்டுக்கும் ‘இல்லை’ என்ற விடையே கிடைக்கும், இரண்டும் பதிவாகிவிடும். தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது ஒருநாளும் நிகழாது என்பதுதான் இதன் ஆபத்து.

இதற்கான காப்பைத் தரவுத்தளத்திலேயே வைக்கலாம். திருப்பிய நேரம் வெறுமையாக உள்ள வரிசைகளில் மட்டும் பிரதி எண் ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று ஒரு யுனிக் இண்டெக்ஸை இரவல் அட்டவணையின்மீது அமைக்க போஸ்ட்கிரஸ் இடமளிக்கிறது. அது வேலை செய்யும் விதத்தை நேரில் பார்க்க, இரண்டு டெர்மினல்களில் தரவுத்தளத்துடன் இணைந்து, இரண்டிலும் பிகின் கட்டளையால், முழுதாக ஏற்கப்படும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் செயல்தொகுப்பான டிரான்சாக்‌ஷனைத் தொடங்க வேண்டும். முதல் டெர்மினலில் அந்தப் பிரதிக்கு ஓர் இரவலை இன்சர்ட் செய்தால் உடனே ஏற்கப்படும். இரண்டாவதில் அதே பிரதிக்கு இன்சர்ட் கொடுத்தால், பிழையும் வராது, வெற்றியும் வராது. கர்சர் அப்படியே காத்திருக்கும். முதலாவதில் மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட் கொடுத்த கணத்தில் இரண்டாவது 23505 என்ற பிழைக்குறியீட்டுடன் மறுக்கப்படும். மாறாக முதலாவதில் மாற்றத்தைக் கைவிடும் ரோல்பேக் கொடுத்தால் இரண்டாவது ஏற்கப்படும். டிரான்சாக்‌ஷன் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்தச் சோதனை அதிகம் கற்றுத்தரும். பேக்எண்ட் நிரலில் அந்தப் பிழைக்குறியீட்டைப் பிடித்து, முரண்பாட்டைக் குறிக்கும் 409 என்ற நிலைக்குறியீடாக மாற்றி அனுப்பிவிட்டால் சர்வர் பக்கத்து வேலை முடிந்தது.

பாதுகாப்பில் சில விதிகளுக்கு விலக்கே கிடையாது. கடவுச்சொல்லை ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் கொண்டு ஹேஷ் செய்தே (மூலச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத வடிவமாக்கியே) சேமிக்க வேண்டும். பயனர் தட்டச்சு செய்ததை எஸ்கியூஎல் வரியோடு ஒட்டாமல், பாராமீட்டராகத் தனியே அனுப்ப வேண்டும். உள்நுழைந்தவர் என்பது மட்டும் போதாது, அவர் கேட்கும் பதிவு அவருடையதுதானா என்பதை ஒவ்வொரு கோரிக்கையிலும் சரிபார்க்க வேண்டும். வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் குறைகள் பட்டியலில் முதலிடம் பெற்ற குறை இதைச் சார்ந்ததே. உள்நுழைவைத் தக்கவைக்கத் தொடக்கநிலையில் செஷன் குக்கீ (உலாவி ஒவ்வொரு கோரிக்கையுடனும் அனுப்பும் அடையாளம்) போதுமானது. சர்வர் கையொப்பமிட்டு வழங்கும் ஜேடபிள்யூடி டோக்கன்களையே பல பயிற்சிகள் கற்பிக்கின்றன. ஆனால் வெளியேறிய ஒருவரின் டோக்கனைக் காலாவதிக்கு முன் செல்லாததாக்கக் கூடுதல் ஏற்பாடு தேவைப்படும் என்பதை அவற்றில் சில சொல்வதில்லை.

ஃபிரண்ட்எண்ட்: வெற்றி மட்டுமே நிலை அல்ல

திரைகளை அமைக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் 2013இல் வெளியானது. அதற்கு முன்பும் வலைத்தளங்கள் இருந்தன. எனவே இரவல் படிவத்தை முதலில் வெறும் எச்டிஎம்எல்லில் எழுதி, ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லாமல் சர்வருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் லேபிள் இருக்க வேண்டும். சொடுக்க வேண்டியது பட்டன் உறுப்பாகவே இருக்க வேண்டும், வெறும் பெட்டியான டிவ் உறுப்பாக அல்ல. அப்போதுதான் விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் அதைப் பயன்படுத்த முடியும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் பாக்ஸ் மாடல், ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் ஆகிய மூன்றும் கைவந்தால் பெரும்பாலான பக்கங்களை அமைத்துவிடலாம்.

அடுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டில் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் மூலம் அதே கோரிக்கையை அனுப்பும்போது, பேக்எண்டில் உருவாக்கிய 409 மீண்டும் முன்னே வரும். சர்வர் 409 என்றோ 500 என்றோ பதிலளித்தாலும் ஃபெட்ச் அதைப் பிழையாக எறியாது. பிணைய இணைப்பே கிடைக்காதபோதுதான் பொதுவாக அதன் பிராமிஸ் (பின்னர் வரவிருக்கும் விளைவைக் குறிக்கும் பொருள்) நிராகரிக்கப்படும். ஆகவே பதிலின் ஓகே பண்பைச் சரிபார்க்காத நிரல், மறுக்கப்பட்ட இரவலுக்கும் ‘நூல் உங்களுக்கு வழங்கப்பட்டது’ என்று காட்டும். உறுப்பினர் அதை நம்பிப் புறப்பட்டுவிடுவார்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை உருவாக்கிக்கொள்ளலாம். எந்தத் திரையை எழுதினாலும், தரவு வந்துகொண்டிருக்கும் நிலை, தரவே இல்லாத நிலை, பிழை நிலை, வெற்றி நிலை என்ற நான்கையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். கோரிக்கை சென்றுகொண்டிருக்கும்போது பொத்தானை முடக்குவது பயனருக்கு உதவும். ஆனால் அது பாதுகாப்பு அல்ல, ஏனெனில் கர்ல் வைத்திருப்பவருக்குப் பொத்தானே தேவையில்லை. உலாவியில் உள்ளீட்டைச் சரிபார்ப்பதற்கும் இதுவே பொருந்தும்.

சிஓஆர்எஸ் (வேறொரு மூலத்தின் பதிலைப் படிக்க அனுமதி தரும் முறை) பிழை ஒருநாள் வரும். ஃபிரண்ட்எண்ட் ஒரு போர்ட்டிலும் (இணைப்பு வாயில்) பேக்எண்ட் வேறொரு போர்ட்டிலும் இயங்கும்போது, சர்வர் அனுமதி ஹெட்டர் அனுப்பாவிட்டால் பதிலை நிரல் படிக்க உலாவி விடாது. அதே கோரிக்கையைக் கர்லில் அனுப்பினால் தடையின்றிப் பதில் வருவதைப் பார்த்தால், இந்தத் தடையை விதிப்பது சர்வர் அல்ல, உலாவிதான் என்பது விளங்கும். பிறகு, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வரியை ஒட்டி எல்லாத் தளங்களுக்கும் கதவைத் திறந்துவிடும் எண்ணம் வராது.

இவ்வளவும் ஆனபின் ரியாக்ட் போன்ற ஒன்றைக் கற்கலாம். அதன் மையம், நிலை மாறினால் திரை தானாக மாறும் என்பதே. கணக்கிட்டுப் பெறக்கூடிய எதையும் தனி நிலையாக வைத்துக்கொள்ளாமல் இருந்தால் பாதிச் சிக்கல்கள் எழவே எழாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் தரவு வகைகளைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்ட்டை இந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்வது பயனளிக்கும்.

கிளவுட்: ஒருமுறையாவது கையால்

அமேசானின் எஸ்3 (கோப்புச் சேமிப்பு), ஈசி2 (வாடகை மெய்நிகர் இயந்திரம்) சேவைகள் 2006இல் வந்தன. அதன்பின் சேவைகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது. அவற்றைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை. முதல் டிப்ளாய்மென்ட்டை (செயலியைப் பயன்பாட்டுக்கு நிறுவுவதை) ஒரே ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்தில் கையாலேயே செய்ய வேண்டும்: பாதுகாப்பான தொலை இணைப்பான எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைவது, செயலியை லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் சேவையாக இயக்குவது, கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை அதற்கு முன்னால் வைப்பது, டிஎன்எஸ் பதிவால் டொமைன் பெயரை இயந்திரத்தின் முகவரியோடு இணைப்பது, எச்டிடிபிஎஸ் இணைப்புக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பெற்று அது தானாகப் புதுப்பிக்கப்படுமாறு அமைப்பது. வெளியுலகுக்கு 80, 443 ஆகிய போர்ட்கள் திறந்திருந்தால் போதும். போஸ்ட்கிரஸின் 5432 இணையத்திற்குத் திறந்திருக்கக் கூடாது. செயலியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுத் தளத்தைத் திறந்து பார்த்தால் 502 வரும். என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, அதன் பின்னால் உள்ளது பதிலளிக்கவில்லை என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

அதன்பின் செயலியை அதன் சார்புகளோடு பொதியும் டாக்கர், பிறகு சோதனைகளைத் தானாக ஓட்டி டிப்ளாய் செய்யும் சிஐ அமைப்பு, நிர்வகிக்கப்படும் தரவுத்தளச் சேவை என்று நகரலாம். அத்தகைய பல பொதிகளை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் இந்தப் பதிவேட்டுக்குத் தேவையில்லை. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் இருக்கிறது என்பதற்காக இப்போதே அதற்குள் இறங்குவது காலவிரயம்.

கிளவுட் கணக்கைத் திறந்த அன்றே முதன்மைக் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பையும் செலவு எச்சரிக்கையையும் அமைத்துவிட வேண்டும். செலவு எச்சரிக்கை என்பது பெரும்பாலும் அறிவிப்புத்தான், செலவை அது நிறுத்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ரகசிய விசைகளை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறிகளில் வைக்க வேண்டும். தவறி ஒரு விசை கிட்டில் கமிட் (பதிவு) ஆகிவிட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது பயனற்றது, வரலாற்றில் அது அப்படியே இருக்கும். விசையையே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும்.

பயனர்கள் பெருகி, அதே செயலியின் இரண்டு பிரதிகள், கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இயங்கும்போது, முதல் கட்டத்தில் எடுத்த முடிவுகளின் மதிப்பு தெரியவரும். செஷனைச் செயலியின் நினைவகத்தில் வைத்திருந்தால், ஒரு சர்வரில் உள்நுழைந்தவர் மறு சர்வருக்கு அந்நியராகிவிடுவார். எனவே அதைத் தரவுத்தளத்திலோ, சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகச் சேமிப்பான ரெடிஸிலோ வைக்க வேண்டும். நூலட்டைப் படங்களை இயந்திரத்தின் வட்டில் சேமித்திருந்தால் பாதிப் பேருக்கு அவை தெரியாது. எஸ்3 போன்ற பொருள் சேமிப்பகத்திற்கு மாற்ற வேண்டும். நூலின் கடைசிப் பிரதிக்காகத் தரவுத்தளத்தில் வைத்த விதி மட்டும் எந்த மாற்றமும் இன்றி அப்படியே இயங்கும். நிரலுக்குள் ஒரு பூட்டை வைத்து அதைத் தீர்த்திருந்தால், ஒவ்வொரு சர்வரும் தன் பூட்டை மட்டும் பார்த்துக்கொண்டு அதே பிரதியை இருவருக்கு வழங்கியிருக்கும்.

எஞ்சியிருப்பது காப்புப் பிரதி. தரவுத்தளத்தை நாள்தோறும் சேமித்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டெடுத்துப் பார்க்காதவரை அது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே சோதனைத் தரவு மட்டுமே இருக்கும் கட்டத்திலேயே, காப்புப் பிரதி இயந்திரத்திற்கு வெளியே இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இயந்திரத்தை முழுவதுமாக அழித்துவிட வேண்டும். கிட்டில் உள்ள நிரல், காப்புப் பிரதி, அமைக்கும் படிகளை விளக்கும் ரீட்மீ கோப்பு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு புதிய இயந்திரத்தில் தளத்தை மீண்டும் எழுப்ப முயல வேண்டும். நினைவிலிருந்து எடுத்துச் செய்ய நேர்ந்த ஒவ்வொரு படியையும் ரீட்மீயில் சேர்த்துவிட்டு, அந்த இயந்திரத்தையும் அழித்து, இம்முறை ரீட்மீயை மட்டும் பார்த்து அமைக்கவும்.