மூன்று சுவிட்ச், இரண்டு மரம்: எம்எஸ்டிபி செய்து பார்ப்போம்

ஓசூர், சேலம் பக்கமிருந்து பெங்களூரு வந்து நெட்வொர்க் வேலையில் சேரும் பலருக்கு எஸ்டிபி (சுவிட்சுகளுக்கிடையே வளையம் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ புரோட்டோகால்) ஓரளவு தெரிந்திருக்கும். அதையே பல மரமாக்கும் எம்எஸ்டிபி (மல்டிபிள் ஸ்பேனிங் ட்ரீ புரோட்டோகால்) என்றதும் தயங்குவார்கள். மூன்று சுவிட்சை வைத்துச் செய்து பார்த்தால் அந்தத் தயக்கம் போய்விடும். எஸ்பி ரோட்டில் பழைய சுவிட்ச் தேடுகிறீர்கள் என்றால், மேனேஜ்டு (அமைப்பை நாமே மாற்றக்கூடிய) சுவிட்சாகவும் எம்எஸ்டிபி உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள்.

ஏ, பி, சி மூன்றையும் முக்கோணமாக ட்ரங்க் கேபிளில், அதாவது பல விலான்களை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளை) ஒன்றாகச் சுமக்கும் இணைப்பில், இணையுங்கள். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. வளையம் இருந்தால் பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே முடக்கிவிடும். ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய எஸ்டிபி, ஒரு போர்ட்டை அடைத்து வளையத்தை உடைக்கிறது; மிஞ்சும் வளையமில்லாப் பாதைதான் மரம். சரி, ஆனால் எல்லா விலானுக்கும் ஒரே மரம் என்றால் அடைபட்ட லிங்க் சும்மா கிடக்கும். ஓசூர் ரோட்டில் கீழே வண்டிகள் நெரிய, மேம்பாலத்தை மூடி வைத்த மாதிரி. சிஸ்கோவின் பிவிஎஸ்டி விலானுக்கு ஒரு மரம் வளர்க்கும். 200 விலான் இருந்தால் 200 மரம், சுவிட்சுக்கு வீண் சுமை. 2002இல் வந்த 802.1எஸ் நடுவழியைப் பிடித்தது: விலான்களைக் கட்டாகச் சேர்த்து, ஒரு கட்டுக்கு ஒரு மரம். அந்தக் கட்டுக்குப் பெயர் இன்ஸ்டன்ஸ்.

படி 1. முதலில் தாளில் எழுதுங்கள். விலான் 10, 20 இன்ஸ்டன்ஸ் 1இல்; 30, 40 இன்ஸ்டன்ஸ் 2இல். எதிலும் சேர்க்காதவை தானாகவே இன்ஸ்டன்ஸ் 0க்குப் போகும். பின்னால் வரப்போகும் விலான்களையும் இப்போதே பிரித்து எழுதிவிடுவது நல்லது. ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

படி 2. மூன்று சுவிட்சிலும் ரீஜன் (ஒரே அமைப்புள்ள சுவிட்சுகளின் கூட்டம்) பெயர், ரிவிஷன் எண், விலான் பட்டியல் ஆகியவற்றைக் கொடுத்து, எம்எஸ்டி மோடுக்கு மாற்றுங்கள். இந்த மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். பட்டியல் முழுதாக அனுப்பப்படுவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட 16 பைட் டைஜெஸ்ட் (சுருக்கக் குறியீடு) மட்டுமே பிபிடியுவில் (சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஸ்பேனிங் ட்ரீ செய்தியில்) போகிறது. ஒரே ஒரு விலான் இடம் மாறியிருந்தாலும் டைஜெஸ்ட் மாறிவிடும், அந்த சுவிட்ச் வேறு ரீஜனாகிவிடும். ரீஜன்களுக்கு இடையில் இன்ஸ்டன்ஸ் 0 சொல்வதுதான் சட்டம். நெட்வொர்க் ஓடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒரு அப்லிங்க் மட்டும் வேலையில்லாமல் கிடக்கும். சத்தமில்லாமல் இருப்பதால்தான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

படி 3. ரூட்டை (மரத்தின் வேராக இருக்கும் சுவிட்சை) நீங்களே தீர்மானியுங்கள். பிரையாரிட்டி எல்லாவற்றிலும் 32768 என்றே இருக்கும். 4096இன் மடங்குகளாகத்தான் மாற்ற முடியும், குறைந்த எண்ணுக்கே வெற்றி. இன்ஸ்டன்ஸ் 1க்கு ஏயில் 24576, பியில் 28672. இன்ஸ்டன்ஸ் 2க்கு அப்படியே தலைகீழ். இன்ஸ்டன்ஸ் 0க்கும் ஏயில் 24576 கொடுத்துவிடுங்கள். சியைத் தொட வேண்டாம்.

படி 4. சியில் ஸ்பேனிங் ட்ரீ நிலையைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று லிங்கும் ஒரே வேகம் என்றால், இன்ஸ்டன்ஸ் 1இல் ஏ பக்கப் போர்ட் ரூட் (ரூட் சுவிட்சை நோக்கித் திறந்த வழி), பி பக்கம் ஆல்டர்நேட் (அடைத்து வைத்த மாற்று வழி). இன்ஸ்டன்ஸ் 2இல் இரண்டும் இடம் மாறியிருக்கும். ஒரே போர்ட் ஒரு மரத்தில் அடைபட்டு, இன்னொரு மரத்தில் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் எம்எஸ்டிபி பாதி புரிந்த மாதிரி. அப்புறம் ஏ–சி கேபிளைப் பிடுங்குங்கள். விலான் 10 உடனே பி வழியாகப் போகத் தொடங்கும்.

ட்ரங்கில் விலான்களை வடிகட்டும் பழக்கம் இருந்தால் மட்டும் கவனம். ஏ–சி ட்ரங்கில் விலான் 20க்கு அனுமதி இல்லை, பி–சியில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த அனுமதிப் பட்டியலை எம்எஸ்டிபி பார்ப்பதே இல்லை. இன்ஸ்டன்ஸ் 1க்காக பி–சி அடைபடும், விலான் 20 அப்படியே செத்துப்போகும்; நிலையைக் கேட்டால் சுவிட்ச் எல்லாம் சரி என்றே காட்டும். அதனால் ஒரு இன்ஸ்டன்ஸில் உள்ள விலான்கள் அனைத்தையும் எல்லா ட்ரங்கிலும் அனுமதித்துவிடுங்கள்.