சூட்கேஸில் போன மூன்று கிலோ: சீஸ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் வேலை முடிந்து டிராமுக்குக் காத்து நின்றபோது தொலைபேசி அடித்தது. எங்கள் உணவகச் சமையலறையில் போன வருடம் சேர்ந்த பையன். முதல் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறான். கடையில் சீஸ் அடுக்கியிருக்கும் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டான்: "அண்ணை, இதில் எது நல்ல சீஸ்? அம்மாவுக்கு மூன்று கிலோ கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன்."

மூன்று கிலோ என்று காதில் விழுந்ததுமே பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு சூட்கேஸின் வாடை மூக்கில் ஏறியது. "கூடையைக் கீழே வை. அங்கேயே நில்" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போகும் டிராமில் ஏறினேன்.

சுவிஸின் பேர்ன் நகரில் 20 வருடமாகச் சமையலறையில் நிற்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஃபொண்டுச் சட்டிக்கு முன்னால். ரொட்டி தோய்த்துச் சாப்பிட வைனில் உருக்கும் சீஸ்தான் ஃபொண்டு. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் நான் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். காலாவதித் தேதியைப் பார், திறந்ததை மூடி வை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டால் புத்தியில் ஏறிவிடும். பத்து முறை பட்டாலும் ஏறாதவை சில இருக்கின்றன, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெயரைக் கேட்டு முடிவு கட்டுவது

"எனக்கு க்ரூயேர் ஒத்துவராது" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மாதத்து க்ரூயேர்?" பெரும்பாலும் பதில் வராது.

க்ரூயேர் சுவிஸின் கடினமான சீஸ், சக்கரம்போல வட்டமாக வரும். ஒரு சக்கரம் ஏறத்தாழ 35 கிலோ இருக்கும். அதற்குச் சுமார் 400 லிட்டர் காய்ச்சாத பால் போகிறது. குறைந்தது ஐந்து மாதம் நிலவறையில் கிடந்த பிறகுதான் அதை அந்தப் பெயரில் விற்கவே முடியும். ஆறு, ஏழு மாதத்தில் அது வழவழப்பாக, வறுத்த கச்சானை நினைவூட்டும் இலேசான இனிப்போடு இருக்கும். ஒன்றரை வருடமானால் உதிரும், நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும், பல்லில் மணல்போல் நெறுநெறுக்கும். அந்த நெறுநெறுப்பு உப்பும் அல்ல, பூசணமும் அல்ல. புரதம் நாள்பட உடைந்து, டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாகத் திரண்டிருக்கிறது, அவ்வளவுதான். "கல் கடிக்கிறது" என்று அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போன ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

எனக்கு இப்போது பிடித்தது பத்து மாதத்துச் சீஸ். என் மனைவிக்கு ஆறைத் தாண்டினால் ஆகாது. ஒரே மரத்து மாங்காயில் ஒருவருக்குச் செங்காய் பிடிக்கும், ஒருவருக்குக் கனிந்தால்தான் பிடிக்கும். யாரும் அதற்காக மரத்தைக் குறை சொல்வதில்லை. சீஸ் கடையில் தராசுக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்டால் ஒரு சீவல் வெட்டித் தருவார். கேட்க வெட்கப்படுகிறவர்கள்தான் அரைக் கிலோவை வீட்டுக்குக் கொண்டுவந்து விழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தன் நாக்கைக் கொண்டு அடுத்தவருக்கு வாங்குவது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சுவிஸ் வந்து எட்டாவது வருடம் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அதற்குள் நாக்கு பழகியிருந்தது. பழகியதோடு கொஞ்சம் தலைக்கனமும் பிடித்திருந்தது. ஊரில் நாங்கள் சீஸ் என்று தெரிந்துவைத்திருந்தது வட்டப் பெட்டிக்குள் வெள்ளித்தாள் சுற்றி அடுக்கிய முக்கோணத் துண்டுகளை. காய்ச்சல் வந்து எழும்பினால் ஒன்று கிடைக்கும். அதெல்லாம் ஒரு சீஸா, அசலைக் காட்டுகிறேன் பார் என்று 16 மாதத்து க்ரூயேர் மூன்று கிலோ வாங்கினேன். கூடவே இரண்டு பெட்டி வஷ்ரான் மோன்டோர். 130 பிராங்குக்கு மேல் போனது. அடுப்படியில் முழுசாக ஒரு நாள் வெந்தால்தான் அந்தக் காசு.

வஷ்ரான் மோன்டோரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரைதான் கடையில் கிடைக்கும். ஸ்ப்ரூஸ் மரப்பட்டையை இடுப்பில் கட்டி, மரப்பெட்டியில் வைத்து விற்பார்கள். மேலே செம்மஞ்சள் நிறத் தோல், உள்ளே கரண்டியால் அள்ளும் கூழ். தோலை உப்புநீரால் கழுவிக் கழுவிப் பழுக்க வைப்பதால் அதில் ஒருவகை பாக்டீரியா குடியேறுகிறது. நம் கால்விரல் இடுக்கில் வாடை எழுப்புவது அதன் ஒன்றுவிட்ட சகோதரம். நான் வாங்கியது ஜனவரியில், பழுத்துத் தளும்பும் பருவத்தில்.

சூரிச், டுபாய், கொழும்பு, அங்கிருந்து இரவு பஸ். ஒரு நாளுக்கு மேல் பயணம். 30 டிகிரியை நெருங்கினால் பால்கொழுப்பு இளகிக் கசியத் தொடங்கும் என்பது அன்றாடம் சமையலறையில் நான் கண்ணால் பார்க்கிற விஷயம்தான். சூட்கேஸ் என்றதும் அது எப்படி மறந்ததோ தெரியவில்லை. வீட்டில் திறந்தபோது வஷ்ரான் பெட்டியின் மூட்டு வழியாக வழிந்து, அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சால்வையில் ஊறியிருந்தது. க்ரூயேர் வியர்த்து, சுற்றியிருந்த தாளைப் பலகாரக் கடைத் தாள்போல ஆக்கியிருந்தது. பெரியம்மா அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "தம்பி, பெட்டிக்குள் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ, பார்" என்றார்.

சந்தையில் கருவாட்டை மூக்குக்கு நேரே பிடித்து முகர்ந்து, "இது பழசு, அதை எடு" என்று விலை பேசுகிற பெரியம்மா அவர். அவருக்கா வாடையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் பொருமியது. வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. கருவாட்டு வாடை வந்தால் அவருக்குக் கத்தரிக்காயும் புளியும் சோறும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும். இந்த வாடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு கறியும் இல்லை, ஒரு மத்தியானமும் இல்லை. வெறும் வாடை மட்டும்தான்.

க்ரூயேரில் தப்பிய பகுதியை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த முக்கோணச் சீஸ் அங்கே கிடைக்காதா, அப்பன்?"

அப்போது வந்த கோபம் பேர்ன் திரும்பியும் ஆறவில்லை. சமையலறையில் இந்தக் கதையைப் புலம்பியபோது, சீஸ் கொண்டுவந்து இறக்கும் கிழவர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். பேர்னிலிருந்து ரயிலில் 20 நிமிடத் தூரத்தில் தூன் என்ற ஊர் இருக்கிறது. அங்கேதான் 1911இல் வால்ட்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஷ்டெட்லர் என்ற இருவர், சிட்ரேட் உப்பைச் சேர்த்துச் சீஸை உருக்கி, பதப்படுத்திய சீஸை உண்டாக்கினார்கள். வெப்ப நாடுகளுக்கு அனுப்பினாலும் கெடாத சீஸ் வேண்டும் என்பதுதான் அவர்கள் தேடியது. அந்த உப்பு, புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தைப் பிரித்துவிடுவதால் கொழுப்பும் நீரும் பிரியாமல் ஒன்றாக நிற்கும். வெயிலில் கிடந்தாலும் எளிதில் வியர்க்காது. நான் ஏளனம் செய்த முக்கோணம் என் வீட்டுக்குப் பக்கத்தில், அம்மாவின் ஊரைப் போன்ற ஊர்களை எண்ணியே பிறந்தது. தன் வெயிலுக்குச் சரியான சீஸைத்தான் அம்மா கேட்டிருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த முறை 400 கிராம் ஸ்ப்ரின்ஸ் மட்டும் கொண்டுபோனேன். நடு சுவிஸில் செய்வது. கல்போல இறுகியது, ஈரம் குறைவு, பயணம் தாங்கும். கடையிலேயே சிறு துண்டுகளாக்கிக் காற்றை உறிஞ்சி அடைத்துத் தந்தார்கள். அம்மா அதைக் கற்கண்டுபோல் உடைத்து, வெறும் தேநீரோடு ஒரு கடி ஸ்ப்ரின்ஸ், ஒரு கடி பனங்கட்டி என்று மாறி மாறிச் சாப்பிட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தச் சேர்க்கையை இப்போது நானும் இங்கே செய்கிறேன். உணவகத்தில் யாருக்கும் சொல்லவில்லை, பட்டியலில் போட்டு 18 பிராங்க் விலை வைத்துவிடுவார்கள்.

பையனின் கூடையில் ஒரு நீலப் பூசணச் சீஸும் இருந்தது. "உனக்கு இது பிடிக்குமா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை" என்றான். எனக்கும் இன்னும் இல்லை. எடுத்து அலமாரியில் வைத்தேன்.

சைவமா என்று கேட்காமல் பரிமாறுவது

சீஸ் என்றால் பால்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியின் மாமி ஒருமுறை வந்திருந்தார். முட்டைகூடத் தொடாதவர். உருளைக்கிழங்கு அடுக்கி, மேலே க்ரூயேர் துருவிப் போட்டுச் சுட்டுக் கொடுத்தேன். "வெறும் பால்தான் மாமி" என்று வேறு சொன்னேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

க்ரூயேருக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கும் அப்படித்தான், விதியே அது. இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தபோது நான் மாமியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இனிமேல் முதலில் சொல்லிவிட்டுத் தா, தம்பி" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நுண்ணுயிரியிலிருந்து எடுத்த நொதியால் செய்யும் சீஸ் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. உறையில் 'லாப்' என்ற ஜெர்மன் சொல்லைத் தேடுங்கள், அதுதான் உறைநொதி. பக்கத்தில் 'மிக்ரோபியெல்' என்று இருந்தால் மாமிக்குக் கொடுக்கலாம். ஒன்றும் எழுதவில்லை என்றால் கேட்க வேண்டும். ஃபொண்டுவில் வெள்ளை வைனும் சேரும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

ஓட்டையை எண்ணி வாங்குவது

எமென்டால் என்ற சுவிஸ் சீஸின் ஓட்டை, பாக்டீரியா விடும் வாயு. பாலில் விழும் கண்ணுக்குத் தெரியாத காய்ந்த புல் துணுக்கைச் சுற்றித்தான் அந்த வாயு திரள்கிறது என்று 2015இல் சுவிஸ் வேளாண் ஆய்வு நிறுவனமான அக்ரோஸ்கோப் சொன்னது. பால் கறப்பது சுத்தமாக ஆக ஆக ஓட்டை குறைந்துபோனதாம். ஓட்டைக்கு நீங்கள் காசு கொடுப்பதும் இல்லை.

ஃபொண்டுவைக் கொதிக்க விடுவது

ஆளுக்கு 200 கிராம் சீஸ், பாதி க்ரூயேர், பாதி வஷ்ரான் ஃப்ரிபூர்ஷுவா (சூட்கேஸில் வழிந்த வஷ்ரான் அல்ல, இது வேறு சீஸ்). ஆளுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) வெள்ளை வைன், கொஞ்சம் சோளமாவு, சட்டியில் தேய்க்க ஒரு பல் உள்ளி. இவ்வளவுதான் சாமான். இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள்.

ஃபொண்டு அடுப்புக்கு நான் மாறிய முதல் குளிர்காலத்தில் எட்டுப் பேர் மேசை ஒன்று வந்தது. பரிமாறுகிறவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். நான் தீயை ஏற்றினேன். அரை நிமிடத்தில் சட்டிக்குள் ஒரு ரப்பர்ப் பந்தும் அதைச் சுற்றி எண்ணெய்க் குளமும் இருந்தன. சூடு அளவு மீறினால் புரதம் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரப் புடவையைப் பிழிவதுபோல் கொழுப்பை வெளியே தள்ளிவிடும். 1.6 கிலோ சீஸ் குப்பைக்குப் போனது.

வைனை முதலில் சூடாக்குங்கள். சீஸைப் பிடிபிடியாகப் போட்டு, ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. ஓரத்தில் குமிழ் தட்டுவதற்கு முன்பே தீயைக் குறைத்துவிடுங்கள். வைனின் புளிப்பும் மாவும் புரதத்தைச் சேரவிடாமல் தடுப்பதற்காகவே இருக்கின்றன. அதனால் புளிப்பில்லாத வைனை ஊற்றினால் பயனில்லை. திரியத் தொடங்கினால், முழுக்கத் திரிவதற்குள், எலுமிச்சைச் சாற்றில் ஒரு கரண்டி சோளமாவு கரைத்து ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் அடித்தால் பெரும்பாலும் திரும்பி வரும். எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. தலைமைச் சமையல்காரர் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடையில் துருவிய பாக்கெட்டை வாங்கி இதற்குப் போடாதீர்கள். துருவல் ஒட்டாமலிருக்கப் பெரும்பாலும் மாவு ஏற்கெனவே தூவியிருக்கும். நீங்கள் எவ்வளவு மாவு சேர்க்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.

பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி வைப்பது

மூச்சு முட்டி நாறும். மெழுகுத் தாளில் சுற்றி, ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். கடினமான சீஸில் பூசணம் கண்டால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். மென்மையான சீஸில் கண்டால் முழுவதையும் எறியுங்கள், விலையைப் பார்க்காதீர்கள்.

உறைபெட்டியில் போடுவது

வேண்டாம்.

ஃபொண்டுச் சட்டியின் அடிப்பொருக்கைக் கழுவி ஊற்றுவது

அது சமைத்தவனுக்கு.