சோலார், காத்தாடி (காத்தாலை) மின்சார அரசியல்ல போஸ்ட்டொக், அதாவது பிஎச்டிக்குப் பிறகான ஆய்வு, செய்யப் போறீங்களா?

ப்ரொபோசல் எழுதேக்க "இலங்கையின் பசுமைச் சக்தி" எண்டு முழு நாட்டையும் தூக்காதேங்கோ, ஒரு இடத்தைப் பிடியுங்கோ. எங்கட யாழ்ப்பாணத்துத் தீவுகள் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவையே எடுங்கோ, 2021 தொடக்கத்தில ஒரு சீனக் கொம்பனிக்குக் குடுத்த சோலார், காத்தாடி மின்சாரத் திட்டம், இந்தியா எதிர்க்க நிண்டு போச்சு, 2022 மார்ச்சில இந்தியாவோட உடன்படிக்கை, 2024 மார்ச்சில இந்தியக் கொம்பனியோட ஒப்பந்தம். சோலார் பனலும் காத்தாடியும் ஆர் பூட்டினாலும் ஒண்டுதான், ஆனா ஆர் பூட்டுறது எண்டதிலதான் முழுச் சண்டையும், உங்கட கேள்வியும் அங்கதான் கிடக்கு.

பேந்து கடதாசி, அதாவது அரசாங்க ஆவணங்கள். கேபினட் முடிவுகள் இணையத்தில கிடைக்கும், மிச்சத்துக்கு 2016ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பம் போடுங்கோ, வெள்ளனவே போடுங்கோ.

எதிக்ஸ் அனுமதி (ஆய்வு நெறிமுறை அனுமதி) எடுத்திட்டுத்தான் தீவுக்குப் போக குறிகட்டுவான் இறங்குதுறையில வள்ளம் ஏறவேணும். சனத்திட்ட "திட்டம் விருப்பமோ" எண்டு கேளாதேங்கோ, ஆர் வந்து கதைச்சவை, எந்தக் காணி கேட்டவை எண்டு கேளுங்கோ. மன்னாரில காத்தாடிக்கு எதிரா நிண்ட சனத்தையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, அவையைப் பசுமைக்கு எதிரி எண்டு எழுதினா அது பெரிய அநியாயம்.

களத்துக்கு மூண்டு தரமாவது போகக் காசு கேளுங்கோ, கடல் கொந்தளிச்சா வள்ளம் ஓடாது.