ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

அக்கா மகள் கட்டடக்கலை படிக்கிறாள். அவளுக்காகப் போன மாதம் ஒரு கணினி அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, ஒரு கிராபிக்ஸ் கார்டு. இரவு பத்து மணிக்கு பவர் பட்டனை அழுத்தினோம். ஃபேன்கள் சுற்றின, மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை. "ஏதாவது கருகிப்போச்சா மாமா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

புதுக் கணினியில் இப்படி ஆனால், கருகியதைவிட எதுவோ சரியாக உட்காராமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் உடனே எதையும் கழற்றாதீர்கள். இந்த வகை போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது டிடிஆர்5 ரேமோடு ஒத்துப்போகத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமை இழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

காத்திருக்கும்போதே கேபிளைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எச்டிஎம்ஐ கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். ஐ5 12400எஃப், ரைசன் 5 5600 போன்ற பிராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது, போர்டில் செருகினால் படம் வராது.

அப்புறம் போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ, சிக்கல் அங்கேதான். விஜிஏ என்றால் கார்டை அழுத்திப் பொருத்தி அதன் பவர் கேபிளைச் செருகுங்கள். சிபியு என்றால் பிராசஸருக்கான 8 பின் கேபிளைப் பாருங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் அது 4+4 ஆகப் பிரியும். 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு உரியது, அதை இங்கே திணிக்கக் கூடாது. பழைய போர்டில் புது பிராசஸர் போட்டிருந்தால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

எங்களுக்கு எரிந்தது டிராம், அதாவது ரேமுக்கான விளக்கு. கால் மணி நேரம் கழித்தும் அணையவில்லை. எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, ரேம் இரண்டையும் எடுத்தேன். ரேமைச் செருகும் அந்த ஸ்லாட்டுகளில் ஒரு முனையில்தான் கொக்கி. கொக்கி 'டக்' என்று விழுந்ததும் நான் திருப்திப்பட்டுவிட்டேன், கொக்கி இல்லாத முனை ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரே ஒரு ரேமை, பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தினேன். போர்டு லேசாக வளையும், பயப்பட வேண்டாம். சில நிமிடங்களில் பயாஸ் திரை வந்தது. அவள் கைதட்டினாள். பிறகு அணைத்து, அடுத்த ரேமை நான்காவது ஸ்லாட்டில் போட்டேன்.

அப்படியும் வராவிட்டால் மின் இணைப்பைப் பிடுங்கி, போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வையுங்கள். அதற்கும் மசியவில்லையா? போர்டை கேபினட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ரேம் மட்டும் போட்டுப் பாருங்கள். 7600-இல் உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு தேவையில்லை, எச்டிஎம்ஐ கேபிளை போர்டிலேயே செருகலாம். அங்கே படம் வந்தால், கேபினட்டில் தேவையில்லாத இடத்தில் இருக்கும், போர்டைத் தாங்குவதற்கான பித்தளை ஸ்டாண்டாஃப் ஏதாவது போர்டின் அடியில் முட்டுகிறதா தேடுங்கள். வராவிட்டால் பிராசஸரை எடுத்து, சாக்கெட்டின் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் நீங்களே நிமிர்த்த முயலாமல், பில்லோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.