பழைய ஃபிலிம் கேமராவைப் பழுதுபார்க்கலாமா? கடைக்குப் போகுமுன் வீட்டில் செய்யும் சோதனை

பழுதுபார்க்கும் செலவு தகுமா என்பதை லென்ஸும், ஃபிலிமின் முன்னால் திறந்து மூடும் ஷட்டரும்தான் தீர்மானிக்கும். மற்றவை பெரும்பாலும் சில்லறை வேலை. ஒரு டார்ச், கைப்பேசி, புது பேட்டரி, பல்குத்தும் குச்சி, பஞ்சுக் குச்சி, வினிகர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருந்தால் போதும்.

1. லென்ஸ்

சிங்கப்பூரில் கேமராவுக்கு முதல் எதிரி பூஞ்சை. இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்த லென்ஸில் அது சுலபமாகப் பிடித்துவிடும்.

அபர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சைதான். ஓரத்தில் ஓரிரு நூல் என்றால் படத்தில் தெரியாது; சுத்தம் செய்துவிடலாம். நடுவில் அடர்ந்திருந்தால் அதன் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருக்கக்கூடும். துடைத்தால் நூல் போகும், தழும்பு போகாது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளிறிப்போகும். லென்ஸைக் கழற்ற முடிகிற கேமராவுக்கு வேறு லென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். கழற்ற முடியாத சின்னக் கேமரா என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

2. பேட்டரி

கேனன் ஏஇ-1 பேட்டரி இல்லாமல் அசையவே அசையாது. அதற்கு 6 வோல்ட் 4எல்ஆர்44 வேண்டும். பென்டாக்ஸ் கே1000-க்கு பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான்.

பேட்டரி அறையில் வெள்ளை, பச்சைப் பொடி இருந்தால், பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். பச்சை நிறம் கம்பி வழியே உள்ளே ஏறியிருந்தால் அது கடைக்காரர் வேலை.

3. ஷட்டர்

ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, வேகத்தை 1 வினாடியில் வையுங்கள். கைப்பேசியில் வினாடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷனில் ஷட்டரைப் படம்பிடியுங்கள். 8 மடங்கு மெதுவாக ஓட்டினால் ஷட்டர் 8 வினாடி திறந்திருக்க வேண்டும். 12, 15 என்று இழுத்தாலோ பாதியில் நின்றாலோ உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், முழு சர்வீஸில் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு 1/1000-இல் வைத்து, லென்ஸைக் கழற்றி, பின்கதவு வழியே பிரகாசமான சன்னலைப் பார்த்துச் சொடுக்குங்கள். சட்டத்தின் ஒரு பக்கம் இருண்டால் ஷட்டரின் இரு திரைகள் ஒன்றுக்கொன்று ஒத்து ஓடவில்லை.

எக்காரணம் கொண்டும் டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள். அது பரவி அபர்ச்சர் இதழ்களில் ஒட்டி, சின்னப் பழுதைப் பெரிதாக்கிவிடும். ஃபிளாஷ் உள்ள கேமராவைப் பிரிக்கவும் வேண்டாம். உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் கபாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும்.

4. கதவோர ஃபோம்

பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் ஃபோம் விரலில் கறுப்பாகப் பிசுபிசுத்தால் அது மக்கிவிட்டது; ஒளி கசிந்து படத்தில் கோடு விழும். இதை நீங்களே மாற்றலாம். குச்சியில் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுத்து, புது ஃபோம் ஒட்டுங்கள். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துச் சுரண்டினால் துகள் ஷட்டர் திரையில் விழாது. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடியைத் தொடாதீர்கள், அதன் பூச்சு வெளிப்பக்கத்தில் இருக்கிறது.

5. கணக்கு

அதே மாடல் நல்ல நிலையில் என்ன விலை போகிறது என்று பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் பாருங்கள். பிறகு பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் இரண்டு கடைகளில் கேளுங்கள்: பார்த்துச் சொல்லவே கட்டணம் உண்டா, பாகம் எங்கிருந்து வரும், உத்தரவாதம் எத்தனை மாதம்?

கூலி அந்த விலையில் பாதிக்குள் இருந்தால் செய்யலாம். 200 வெள்ளிக் கேமராவுக்கு 80 வெள்ளி நியாயம், 180 வெள்ளி வேண்டாம். மின்சுற்றுப் பலகை போன கேமராவுக்குப் புதுப் பாகம் கிடைக்காது. இன்னொரு பழைய கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் எந்நேரமும் போகலாம். அப்பாவோ தாத்தாவோ பயன்படுத்திய கேமரா என்றால் இந்தக் கணக்கை ஓரம் வையுங்கள். அதற்குச் செலவழிப்பது தவறே இல்லை.

சரியாகி வந்ததும் 36 படச் சுருள் ஒன்றை, ஒவ்வொரு வேகத்திலும் எடுத்துக் குறித்துவைத்து, உத்தரவாதம் முடியுமுன் கழுவிப் பாருங்கள். பிறகு 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். தோல் உறை அதற்குள் போக வேண்டாம்.